அண்ணன் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்: கீழ்ப்பழனி மலையில் மூன்று துண்டு நிலம்

பண்ணைக்காட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பண்ணைக்காடு பக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் திண்டுக்கல்லில் இருக்கிறேன். அப்பா 2003-ல் தவறிப்போனார். உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. அம்மா மலையில் அண்ணனோடு இருக்கிறார். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்: அக்கா, அண்ணன், கடைசியில் நான். அக்காவுக்கு 1986-ல் கல்யாணம், எனக்கு 1997-ல்.

போன ஞாயிறு அண்ணன் வரச் சொன்னார் என்று போனேன். காபிப் பழம் பறிப்பு நடக்கிறது. களத்தில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து கறுத்த கொட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே டைப் அடித்த நாலு பக்கம், மேலே "விடுதலைப் பத்திரம்" என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அக்கா பெயருக்கு நேராகவும் ஒன்று.

"பேங்க்ல பல்பருக்கும் களத்துக்கும் லோன் கேட்டிருக்கேன். பட்டா இன்னும் அப்பா பேர்லயே கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் போட்டுக் குடுத்தாத்தான் நகரும்" என்றார். பல்பர் என்றால் காபிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின். நடுவில் ஒரு வரி, "என் பாகத்துக்கு ஈடாக ரொக்கம் பெற்றுக்கொண்டு" என்று இருந்தது. நான் எதுவும் வாங்கவில்லை. கேட்டதற்கு, "அது எல்லாப் பத்திரத்துலயும் எழுதறதுதான்" என்றார். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஜெராக்ஸ் எடுத்து வந்துவிட்டேன். அம்மா கடைசி வரைக்கும் தலை நிமிரவே இல்லை.

மொத்தம் 6 ஏக்கர் 60 சென்ட், மூன்று துண்டாக இருக்கிறது. இதில் பெண்பிள்ளைகள் எங்களுக்குப் பங்கு உண்டா? இது பூர்வீகச் சொத்துதானா? அண்ணனைச் சந்தியில் நிறுத்த எனக்கு ஆசையில்லை, அம்மாவை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவர் அவர். ஆனால் தெரியாமல் கையெழுத்துப் போட மனசு ஒப்பவில்லை.

மிளகுக்கொடி, தாண்டிக்குடி

தங்கச்சி, அண்ணன் இடத்தில் இருக்கிற ஒருத்தன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் இரண்டு தங்கச்சிகள், இரண்டு பேரும் கீழே டவுனில். மலையில் தோட்டம் வைத்திருப்பது என்றால் என்ன என்று கீழே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. காபிச் செடியில் தண்டுத்துளைப்பான் விழுந்தால் அந்தச் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். புதிதாக வைத்தது காய்ப்புக்கு வர மூன்று நாலு வருஷம். மலைவாழையை ஒரே ராத்திரியில் யானை மிதித்துப் போட்டுவிட்டுப் போகும். காட்டு மாட்டுக்குப் பயந்து சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மேட்டுத் துண்டுக்கு ஆள் வராது. காபி விலை ஏறியிருப்பதைப் பார்த்துப் பங்கு கேட்கிறவர்கள், விலை விழுந்து பழத்தைப் பறிக்கக் கூலி கட்டாமல் செடியிலேயே விட்ட வருஷங்களில் எங்கே இருந்தார்கள்?

உன் கல்யாணத்துக்கு நகை போட்டிருப்பார்கள், சீர் செய்திருப்பார்கள். அதுவும் இதே தோட்டத்தில் வந்த காசுதான். யோசித்து முடிவெடு.

அடிவாரத்து எழுத்தர்

நான் மலையடிவாரத்தில் 31 வருஷம் பத்திரம் எழுதினவன். இப்போது ஓய்வு. அம்மா, முதலில் ஒன்று: பென்சில் குறி இருக்கிற இடத்தில் இப்போதைக்குப் பேனா வைக்காதீர்கள். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் உங்கள் பாகம் அன்றோடு முடிந்தது. "ரொக்கம் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்களே எழுதிக்கொடுத்தபின், ஏமாற்றி வாங்கினார்கள் என்று சொல்லி ரத்து செய்ய வேண்டுமானால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள். நிரூபிக்கிற பாரமும் உங்கள் தலையில்.

அடுத்தது, "பூர்வீகம்" என்ற சொல். நம் ஊரில் தாத்தாவிடமிருந்து வந்த எல்லாவற்றையும் பூர்வீகம் என்கிறோம். என் மேஜைக்கு வந்த சண்டையில் பாதி இந்த ஒரு சொல்லால் வந்தது. சட்டம் ஊர் வழக்கைப் பார்க்காது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கேட்கும்: முதல் கிரயம் யார் பெயரில்? அவர் எந்த வருஷம் இறந்தார்? அப்போது யார் யார் உயிரோடு இருந்தார்கள்? நடுவில் பாகப்பிரிவினை, உயில், செட்டில்மெண்ட் ஏதாவது பதிவாகியிருக்கிறதா?

உங்களிடம் மூன்று துண்டு இருப்பதால் மூன்று பதில் வரலாம். வீட்டில் தாய்ப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று போடுங்கள், பழைய வருஷங்களுக்கு அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். பட்டாவை மட்டும் நம்ப வேண்டாம். யார் வரி கட்டுகிறார் என்பதற்குத்தான் பட்டா, உரிமையைத் தீர்மானிப்பது பத்திரமும் சாவும்தான்.

தாண்டிக்குடித் தம்பி சொன்ன கஷ்டம் எல்லாம் உண்மை. அதற்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கோத்தகிரி இலை

இதே இழையில் என் கேள்வியையும் வைத்துக்கொள்ளலாமா? நான் கோத்தகிரி பக்கம், படகர். எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், நிலம் ஆண்பிள்ளைக்கு, பெண்ணுக்குச் சீர் என்பதுதான் காலங்காலமாக வழக்கம். அப்பா உயிரோடு இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் தேயிலை, பச்சை இலை விற்ற காசைச் சேர்த்து 1992-ல் அவரே வாங்கியது. இப்போது அதில் பாதியைத் தங்கைக்கு எழுதி வைக்கப் போகிறேன் என்கிறார். மகன் என்ற முறையில் நான் தடுக்க முடியுமா?

பண்ணைக்காட்டுக்காரி

ஐயா சொன்னதைக் கேட்டு நேற்று மறுபடி மலைக்குப் போனேன். அண்ணன் கீழே சந்தைக்குப் போயிருந்தார். அம்மாவிடம் "அப்பாவோட டிரங்குப் பெட்டியத் திறக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

மேலே அப்பாவின் கம்பளிச் சட்டை, அதற்குக் கீழே வேட்டியில் சுற்றிப் பத்திரங்கள். மடிப்பில் கிழிந்துபோய், தொட்டால் உதிர்கிற மாதிரி. ஒன்று 1961-ஆம் வருஷக் கிரயம், தாத்தா பெயரில் 3 ஏக்கர். கடைசியில் தாத்தாவின் இடது கைப் பெருவிரல் ரேகை. செக்குபந்தியில், அதாவது எல்லை விவரத்தில், "ஓடைக்குக் கிழக்கு, கமலா ஆரஞ்சுத் தோட்டத்துக்கு மேற்கு" என்று எழுதியிருந்தது. அந்த ஆரஞ்சுத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது சில்வர் ஓக்கும் மிளகும்தான் நிற்கிறது. இன்னொன்று 1978 கிரயம், அப்பா பெயரில் 1 ஏக்கர் 20 சென்ட். அப்பா காபி வியாபாரம் செய்த காலத்தில் வாங்கியது, வீடும் களமும் அதில்தான் இருக்கிறது. மீதி 2 ஏக்கர் 40 சென்டுக்குக் கிரயமே கிடையாது. அது கொள்ளுத்தாத்தா காலத்து நிலம், பழைய தீர்வை ரசீதுகளில் அவர் பெயர் இருக்கிறது.

கொள்ளுத்தாத்தா 1949-ல் இறந்திருக்கிறார். தாத்தா அவருக்கு ஒரே பிள்ளை. தாத்தா 1971-ல் இறந்தார், பாட்டி 1984-ல். தாத்தாவுக்குப் பிள்ளைகள் அப்பாவும் இரண்டு அத்தைகளும். அத்தைகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். பாகப்பிரிவினை எதுவும் பதிவாகவில்லை, உயிலும் இல்லை. பெட்டியில் இவ்வளவுதான் இருந்தது.

வக்கீலம்மா, திண்டுக்கல்

நல்ல வேலை செய்தீர்கள். இப்போது பேசலாம்.

சுலபமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1978-ல் அப்பா வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட். இது அவருடைய சுயசம்பாத்தியம். அவர் இருந்தவரை உங்கள் மூன்று பேருக்குமே அதில் உரிமை கிடையாது. உயில் எழுதாமல் இறந்ததால் 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவு வருகிறது. முதல் வகுப்பு வாரிசுகள் அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள். நாலு சம பங்கு, ஆளுக்கு 30 சென்ட். இதற்கு, மகள்களுக்குப் பிறப்புரிமை கொடுத்த 2005 திருத்தம்கூடத் தேவையில்லை, 1956-லிருந்தே மகளுக்கு இந்தப் பங்கு உண்டு. "குடியிருக்கிற வீட்டை மகள்கள் பிரிக்கச் சொல்லக் கூடாது" என்று ஒரு பிரிவு முன்பு இருந்தது, 23-ஆம் பிரிவு. அதையும் 2005-ல் நீக்கிவிட்டார்கள்.

அடுத்து, கொள்ளுத்தாத்தா நிலம். அவர் இறந்தது 1949, அதாவது 1956 சட்டத்துக்கு முன்னால். பழைய மிதாட்சர முறைப்படி, அதாவது அன்றைய இந்துக் கூட்டுக் குடும்பச் சட்டப்படி, தாத்தாவுக்கு வந்த இந்தத் துண்டுதான் சட்டம் சொல்கிற பூர்வீகம். இதில் பிள்ளைகளுக்குப் பிறந்தபோதே உரிமை வந்துவிடும். முன்பு அந்தப் பிறப்புரிமை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது. தமிழ்நாடு 1989-ல் தன் திருத்தத்தால் மகளுக்கும் கொடுத்தது. ஆனால் 25.3.1989-க்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. அந்தச் சட்டப்படி உங்களுக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களைக் கல்யாணத் தேதியை வைத்துப் பிரித்த சட்டம் அது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித் திருப்பி அனுப்பிய அக்காக்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

9.9.2005-ல் மத்திய அரசின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதம் இல்லை. அப்புறமும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. உங்கள் அப்பா 2003-லேயே போய்விட்டார். 2015-க்கு அப்புறம் நீங்கள் என்னிடம் வந்திருந்தால் இதைக் காட்டித்தான் பயமுறுத்தியிருப்பேன். 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா எப்போது இறந்தார் என்பது முக்கியமில்லை என்று சொன்னது. ஆகவே இந்த 2 ஏக்கர் 40 சென்டில் அண்ணனுக்கு எப்படியோ அப்படித்தான் அக்காவுக்கும் உங்களுக்கும்.

20.12.2004-க்கு முன்னால் முறையாக விற்றதையோ பதிவு செய்து பிரித்ததையோ இந்தத் திருத்தம் தொடாது. அப்பா காலத்தில் ஏதாவது விற்றிருந்தால் அதைக் கிளற வேண்டாம்.

மூன்றாவது துண்டுக்கு வருகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

1961-ல் தாத்தா வாங்கிய 3 ஏக்கர். ஊரில் இதையும் பூர்வீகம் என்றுதான் சொல்வீர்கள். ஆனால் அது தாத்தாவின் சுயசம்பாத்தியம், அவர் இறந்தது 1971, 1956-க்கு அப்புறம். ஆகவே அதே 8-ஆம் பிரிவு. அன்றைக்கே அது பாட்டி, அப்பா, இரண்டு அத்தைகள் என்று நாலு சம பாகமாகிவிட்டது. 1984-ல் பாட்டி இறந்தபோது அவர் பாகம் மூன்று பிள்ளைகளுக்கும் போனது. கூட்டிப் பாருங்கள்: அப்பாவுக்கு ஒரு ஏக்கர், பெரிய அத்தைக்கு ஒரு ஏக்கர், சின்ன அத்தைக்கு ஒரு ஏக்கர். அப்பாவின் ஒரு ஏக்கர்தான் உங்கள் நாலு பேருக்கு, ஆளுக்கு 25 சென்ட்.

கொள்ளுத்தாத்தா நிலத்திலும் தாத்தா இறந்தபோது அவர் பாகத்தில் ஒரு பகுதி அத்தைகளுக்குப் போயிருக்கும். அதற்கு மேல் பிறப்புரிமையும் கேட்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. அந்தப் பின்னக் கணக்கை ஆவணங்களை மேஜையில் வைத்துக்கொண்டுதான் போட வேண்டும், இங்கே போட மாட்டேன்.

அண்ணன் கொண்டுவந்த பத்திரத்தில் அத்தைகளின் பெயர் இருக்கிறதா?

பண்ணைக்காட்டுக்காரி

இல்லை.

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அண்ணன் எங்களுக்குச் செய்யப் பார்த்ததாக நான் நினைத்ததை அப்பா தன் கூடப்பிறந்தவர்களுக்குச் செய்திருக்கிறார். 1971-லிருந்து. அத்தைகள் கார்த்திகைக்கு வருவார்கள், அப்பா ஒரு தார் மலைவாழையும் ஒரு பை காபிக்கொட்டையும் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார். அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கும் இது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எனக்குப் பங்கு கேட்கிற வாயால் அத்தைகளுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

கூக்கால் மேல்மலை

அம்பது வருஷமாகக் கேட்காதவர்களுக்கு இனிமேல் என்ன உரிமை? வெகுகாலம் அனுபவித்தவனுக்கே நிலம், அனுபவ பாத்தியம் என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் வீட்டில் 1990-லேயே ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாய்ப்பேச்சாகப் பிரித்தாகிவிட்டது, தங்கச்சிகளும் அன்று தலையாட்டினார்கள். இப்போது வந்து கேட்டால் செல்லுமா?

வக்கீலம்மா, திண்டுக்கல்

கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி அனுபவித்தால் அது எல்லாப் பங்காளிகள் சார்பிலும் அனுபவித்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சும்மா இருந்தார்கள் என்பதால் உரிமை போகாது. "உனக்கு இங்கே ஒன்றுமில்லை" என்று அவர்களுக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து 12 வருஷம் தாண்டியிருந்தால்தான் சிக்கல். கார்த்திகைக்குக் கூப்பிட்டு வாழைத்தார் கொடுத்தனுப்பியதை யாரும் மறுத்ததாகச் சொல்ல முடியாது.

வாய்மொழிப் பிரிவினையைப் பற்றியும் அதே 2020 தீர்ப்பு பேசுகிறது. மகளின் பங்கை மறுக்க அதைச் சுலபமாக ஏற்கக் கூடாது, அரசு ஆவணங்களோடு ஐயமில்லாமல் நிரூபித்தால் மட்டும் விதிவிலக்காக ஏற்கலாம் என்கிறது. 1990-லேயே தனித்தனிப் பட்டா மாறி, தனித்தனியாகத் தீர்வை கட்டி வந்திருந்தால் எடுத்து வையுங்கள். வெறும் தலையாட்டல் போதாது.

கோத்தகிரித் தம்பிக்கு: படகர் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்கு அப்படியே பொருந்தும். அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதற்கு மாறான பழைய வழக்கங்களை ஓரம் கட்டிவிட்டது. ஆனால் உங்கள் கேள்விக்கு வழக்கம் வரைக்கும் போகவே வேண்டாம். அப்பா தன் காசில் வாங்கியதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். மகன் தடுக்க முடியாது, மகளும் தடுக்க முடியாது. "அப்பன் சொத்து பிள்ளைக்குத்தானே" என்பது அவர் எழுதாமல் போனால் மட்டும். நாளைக்கு உங்களுக்கு வருகிற பாதியும் உங்கள் சொந்தச் சொத்தாகத்தான் வரும். 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. உங்கள் பிள்ளைகள் "தாத்தா நிலம்" என்று சொல்லி உங்களிடம் பிறப்புரிமை கேட்க முடியாது.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், இங்கே நம் மலையில் பளியர் ஆகியோர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2(2)-ஆம் பிரிவுப்படி இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அதற்காகப் பெண்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. பெண்ணை விலக்கும் வழக்கம் இருக்கிறது என்று நிரூபிக்காதபோது பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்கும் சம பங்கு உண்டு என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு சத்தீஸ்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது.

கோத்தகிரி இலை

நன்றி அக்கா. எதிர்பார்த்த பதில் இல்லை, ஆனால் புரிகிறது. தங்கை கிலோக்கணக்கில் இலை கிள்ளியதை நானும் பார்த்து வளர்ந்தவன். அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

ஆடலூர் வீடு

ஒரு சின்னக் கேள்வி. எங்கள் மாமனார் முதல் தாரம் இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பிள்ளைகளுக்கு உண்டா?

வக்கீலம்மா, திண்டுக்கல்

உண்டு. அந்தக் கல்யாணம் செல்லாது, ஆனால் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள். மாமனாரின் சொந்தச் சொத்தில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக வரும். கூட்டுக் குடும்பச் சொத்தில், மாமனார் இறக்கும் நேரத்தில் பிரித்திருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ, அந்தப் பாகத்துக்குள் மட்டும் பங்கு. மற்ற பங்காளிகள் பாகத்தில் கை வைக்க முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 1.9.2023 தீர்ப்பு இது. இரண்டாவது மனைவிக்கு வாரிசுரிமை வராது.

அடிவாரத்து எழுத்தர்

பண்ணைக்காட்டு அம்மாவுக்கு, பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா.

அண்ணனுக்கு உடனே வேண்டியது கடன். கடனுக்குக் கையெழுத்து வேறு, விடுதலைக்குக் கையெழுத்து வேறு. வாரிசுச் சான்றிதழ் வாங்கி எல்லார் பெயரிலும் கூட்டுப்பட்டா மாற்றுங்கள். வங்கி ஒத்துக்கொண்டால் எல்லாரும் சேர்ந்து அடமானத்துக்குச் சம்மதிக்கலாம். கடன் முடிந்ததும் உங்கள் பாகம் உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் அண்ணன் தவணை கட்டாவிட்டால் உங்கள் பாகமும் ஏலத்துக்கு வரும் என்பதைத் தெரிந்து போடுங்கள். அதற்கு மனசு வராவிட்டால், வீடும் களமும் இருக்கிற 1978 துண்டை மட்டும் முதலில் பிரியுங்கள். நீங்களும் அக்காவும் அதில் ஆளுக்கு 30 சென்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக வேறு துண்டில் வாங்கிக்கொள்ளலாம். அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நாளை என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

தாண்டிக்குடித் தம்பி சொன்ன உழைப்புக்கு விலை உண்டு. நகையும் சீரும் சட்டத்தில் பங்குக்கு ஈடாகாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பாகப்பிரிவினையில் உட்காரும்போது, இருபது வருஷம் மிளகு ஏற்றினவர், காபி மாற்றி வைத்தவர் யாரோ, அந்தச் செடி இருக்கிற பக்கத்தை அவருக்கு ஒதுக்குவதுதான் முறை. நான் எழுதின பாகங்களில் அப்படித்தான் ஒதுக்கினோம். கோர்ட்டும் முடிந்தவரை அப்படித்தான் பார்க்கும். மேட்டுத் துண்டு ஒருவருக்குப் போனால் ஓடையிலிருந்து தண்ணீருக்கும் களத்துக்கும் பொதுப் பாதை எழுதியே ஆக வேண்டும். மலையில் பாதை எழுதாத பாகம் அடுத்த தலைமுறைக்கு எழுதி வைத்த வழக்கு.

குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. பாகப்பிரிவினையில் இந்த உச்சவரம்பு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. அத்தைகள் அந்தக் குடும்ப வரையறைக்குள் வருகிறார்களா என்பதைச் சார்பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மிளகுக்கொடி, தாண்டிக்குடி

செடி இருக்கிற பக்கத்தை உழைத்தவனுக்கு ஒதுக்கலாம் என்று ஐயா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். இதை எனக்கு யாரும் இதற்கு முன்னால் சொன்னதில்லை. சட்டம் என்றால் சென்ட் கணக்கில் கத்தி வைத்து அறுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டிலும் அப்பா பெயரில்தான் பட்டா கிடக்கிறது. தங்கச்சிகள் இதுவரைக்கும் வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்காமலே கூப்பிட்டுப் பேசுவது நல்லதா, ஐயா?

அடிவாரத்து எழுத்தர்

நல்லது தம்பி. அவர்கள் பிள்ளைகள் வந்து கேட்கும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பண்ணைக்காட்டுக்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அண்ணனிடம் நேரில்தான் பேசினேன். முதலில் கத்தினார். "அப்ப நான் இருபத்திரண்டு வருஷம் கூலிக்காரனா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. 1961 பத்திரத்தை எடுத்துத் தாத்தாவின் பெருவிரல் ரேகையைக் காட்டினேன். வக்கீலம்மா போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், அதையும் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தைங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கரா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். "உங்க பாட்டி சாகறப்பவே அதச் சொன்னா. உங்கப்பா கேக்கல" என்றார். எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. 1984-லிருந்து அம்மா அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

போன வாரம் அண்ணனும் நானும் சேர்ந்தே அத்தைகள் வீட்டுக்குப் போனோம். சின்ன அத்தை, கொள்ளுத்தாத்தா நிலத்தில் தனக்கு எதுவும் வேண்டாம், 1961 துண்டில் ஓடை ஓரமாக 30 சென்ட் மட்டும் மகள் பெயரில் எழுதினால் போதும், மீதியை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்றார். பெரிய அத்தை எதுவும் சொல்லவில்லை. அவருடைய மகன் முழு ஏக்கரும் வேண்டும், இல்லாவிட்டால் இன்றைய விலைக்குப் பணம் வேண்டும் என்கிறார். அவர் கேட்பது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

1978 துண்டு மட்டும் முடிவாகிவிட்டது. வீடும் களமும் அண்ணனுக்கு, அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு வீட்டு உரிமை. அதற்கு ஈடாகக் கொள்ளுத்தாத்தா நிலத்தில் எங்களுக்கு வருவதோடு அக்காவும் நானும் ஓரமாகக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறோம். அங்கே காபி இல்லை, பழைய முள்முருங்கை மட்டும் நிற்கிறது. அந்தத் துண்டில் அத்தைகள் பாகம் எவ்வளவு என்பதை வக்கீலம்மா அலுவலகத்தில் பத்திரங்களைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறோம். அக்காவிடம் "உனக்கும் உண்டு" என்று போனில் சொன்னபோது, "1986-ல கல்யாணம் ஆனவளுக்கு இல்லன்னு சொன்னாங்களே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் முன்பே எங்கேயோ போய் விசாரித்திருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை.

உட்பிரிவுக்குச் சர்வேயர் வியாழக்கிழமை வருகிறார், மழை இல்லாவிட்டால். எழுத்தர் ஐயா, ஓடையிலிருந்து களம் வரைக்கும் பொதுப் பாதை எத்தனை அடி எழுதினால் ஜீப் வரும்?

அடிவாரத்து எழுத்தர்

பத்தடி எழுதுங்கள். வளைவில் பன்னிரண்டு.